யாருக்காகப் போட்ட பாதை: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

நாள் 4: ரோட்டர்டாம், நெதர்லாந்து

நாங்கள் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றக் கிளம்பியவர்கள் இல்லை. விமானம், ரயில், பேருந்து எல்லாம் உண்டு. போகிற இடத்தில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஒரு நாளோ இரண்டு நாளோ மிதிக்க வேண்டும், மனசில் நின்ற சவாரியை மட்டும் அன்றைக்கு இரவே எழுதிவிட வேண்டும். அக்காவும் நானும் பேசி வைத்துக்கொண்டது இவ்வளவுதான். அக்கா சைக்கிள் பழகியதே 38 வயதுக்கு மேல். நான் சின்ன வயதில் குரங்குப் பெடலில் தொடங்கியவள். ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாகப் போனாலும் அவளுக்கு அது ஒரு ரோடு, எனக்கு வேறொரு ரோடு.

இன்றைக்குக் கொடுத்த சைக்கிளில் கைப்பிரேக்கே இல்லை. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் பின்சக்கரம் நிற்கும். கடை வாசலில் கால் மணி நேரம் வட்டமடித்துப் பழகினோம். ஆபத்து என்று தோன்றியதும் விரல்கள் தானாக மடங்குகின்றன. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. "கால்ல நிறுத்தணும், கால்ல நிறுத்தணும்" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். சிக்னலில் நின்ற பிறகு பெடலைப் பின்னுக்குச் சுழற்றிக் காலுக்கு வாகாக வைத்துக்கொள்ளவும் முடியாது. எந்தக் கால் மேலே இருக்கிறது என்று பார்த்துத்தான் நிற்க வேண்டும். மதியத்துக்குள் பழகிவிட்டது.

மாஸ் ஆற்றைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தோம். 1942 பிப்ரவரியில், நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது திறந்த பாதை அது. கார்களுக்குத் தனி வழி, சைக்கிளுக்குத் தனிக் குழாய், அதற்கும் கீழே நடப்பவர்களுக்கு ஒன்று. சைக்கிளோடு கீழே இறங்க எஸ்கலேட்டர், அதுவும் மரப்படிகள் வைத்த பழைய எஸ்கலேட்டர். எனக்கு முன்னால் ஒரு பெண் கேரியரில் குழந்தையை உட்காரவைத்து, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி சாவகாசமாக நின்றார். நான் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, சீட்டை இடுப்போடு அணைத்து, முன்சக்கரம் ஒரு படியிலும் பின்சக்கரம் ஒரு படியிலுமாக இருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மரப்படிகள் கடகடவென்று சத்தம் போட்டன. கீழே 600 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நேர் குழாய், சில்லென்ற காற்று, சைக்கிள் சங்கிலிகளின் ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. 80 வருஷத்துக்கு முன்னால், போர் நடுவில், சைக்கிள்காரனுக்கென்று ஆற்றுக்கு அடியில் தனிக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டேதான் அக்கரை ஏறினேன்.

அங்கிருந்து காற்றாலைகள் நிற்கும் கிண்டர்டைக் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழி கேட்கவே இல்லை. இந்த நாட்டில் பாதைகள் சேருமிடமெல்லாம் ஒரு எண் நட்டிருக்கிறது. போக வேண்டிய எண்களை ஒரு துண்டுச்சீட்டில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். 1990களில் பக்கத்து பெல்ஜியத்தில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் கண்ட வழி இது. சுரங்கத்துக்குள் கிளைகள் பிரியும் இடங்களுக்கு எண் போடுகிற பழக்கத்தை மண்ணுக்கு மேலே கொண்டுவந்திருக்கிறார்.

கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள், பெரும்பாலும் 1738லும் 1740லும் கட்டியவை. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்திலிருந்து தண்ணீரை மேலே இறைத்து ஆற்றில் விடத்தான் அவை. படத்தில் அழகாக இருக்கும் அதே காற்று நேரில் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. சமதரைதான், ஆனால் திரும்பி வருகையில் எட்டுக் கிலோமீட்டர் மலையேறினது போலத் தொடை கடுத்தது.

இரவில் ஒன்று படித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இந்த நாடு பிறவியிலேயே இப்படி இருக்கவில்லை. 1971இல் சாலை விபத்துகளில் இங்கே 3,000க்கும் மேற்பட்டோர் செத்திருக்கிறார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஒரு இயக்கம் நடந்திருக்கிறது. பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்து கேட்டு வாங்கிய பாதையில்தான் இன்றைக்கு ஓட்டினோம். கேரியரில் இருந்த அந்தக் குழந்தையின் முகம் திரும்பவும் ஞாபகம் வந்தது.

நாள் 19: பாஸாவ் முதல் ஷ்லோகன் வரை, டான்யூப் கரை

ஜெர்மனியில் இருக்கும் பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடுகின்றன. நகராட்சிக் கோபுரத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை வருஷத்தோடு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 வெள்ளத்தில் ஆறு 12.89 மீட்டர் காட்டியிருக்கிறது. 1501க்குப் பிறகு அவ்வளவு ஏறியதே இல்லையாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தோம்.

அதன் பிறகு நாள் முழுக்க ஆற்றோடு கீழ்நோக்கிப் போனோம். காற்றும் பெரும்பாலும் முதுகுப் பக்கம். இரண்டு பக்கமும் செங்குத்தான காட்டு மலை, பாதை மட்டும் ஏற்றமே இல்லாமல் தண்ணீரை ஒட்டிப் போகிறது. இவ்வளவு மலைக்கு நடுவில் இது எப்படி என்று யோசித்தேன். என்ஜின் வருவதற்கு முந்தைய காலத்தில் ஆற்றை எதிர்த்துப் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்திருக்கின்றன. கரையோரமாக அந்தக் குதிரைகள் நடந்த பாதைதான் இன்று பல இடங்களில் சைக்கிள் பாதை. பாரம் இழுக்கிற குதிரை ஏற்றம் ஏறாது, அதனால் எங்களுக்கும் ஏற்றம் இல்லை. அக்கா இன்றைக்கு நாள் முழுக்கப் பிரேக்கைத் தொட்டது ஏழெட்டு தடவைதான் இருக்கும்.

பஞ்சரும் இன்றைக்குத்தான். அக்காவின் பின்டயர் சரளைக்கல்லில் மாட்டி உட்கார்ந்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் சீட்டுக்குக் கீழே ஒரு பையும் கொடுத்திருந்தார்கள். மாற்று டியூப் இருந்தது, டயர் நெம்பும் கட்டை இருந்தது, பம்பும் இருந்தது. ஆனால் டியூபில் கார் டயருக்கு இருப்பது போன்ற தடித்த வால்வு, பம்பின் வாயோ மெல்லிய வால்வுக்கானது. அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து டியூபை மாற்றிய பிறகுதான் இது தெரிந்தது. எடுக்கும்போதே பம்பை வால்வில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போய் அடுத்த கிராமத்தில் காற்றடித்தோம்.

ஷ்லோகனில் ஆறு மலையில் முட்டி, அப்படியே திரும்பி, வந்த திசைக்கே போகிறது. வடகரைப் பாதை அந்த வளைவில் அறுந்துபோகிறது, படகில் ஏறித்தான் ஆக வேண்டும். சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்து அடுக்கிக்கொண்டு படகு மெதுவாக வளைந்தது. வெயிலுக்குப் பழகிய முதுகில் திடீரென்று மலை நிழல் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வெயில், ஆனால் முகத்தில். ஆறு திரும்பியதை அப்போதுதான் உடம்பு உணர்ந்தது.

நாள் 21: லின்ஸ் முதல் மவுத்தாவுசன் வரை, ஆஸ்திரியா

லின்ஸிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பாதை நெடுகப் பூச்செடிகள், ஆற்றங்கரைத் திண்ணைப்பலகைகள், எதிரில் வருகிற ஒவ்வொருவரும் தலையாட்டி வணக்கம் சொல்லிப் போகிறார்கள். மவுத்தாவுசன் ஊரும் சாயம் பூசிய வீடுகளோடு அப்படித்தான் இருக்கிறது. அங்கிருந்து மலைமேல் திரும்பும் சாலையில்தான் நாஜிகளின் வதைமுகாம் இருந்தது, 1938 முதல் 1945 மே வரை.

மூன்று நாளில் முதல் உண்மையான ஏற்றம் அது. கடைசிக் கியரிலும் முடியாமல் இறங்கித் தள்ளினோம். பேசவில்லை. மேலே கருங்கல் சுவர், காவல் கோபுரங்கள். இந்த முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் ஏறக்குறைய 1,90,000 பேர் அடைபட்டார்கள், 90,000 பேராவது செத்தார்கள். கீழே கருங்கல் குவாரி. அதிலிருந்து மேலே வர 186 படிகள். கல்லை முதுகில் சுமந்து அந்தப் படிகளில் ஏற்றியே எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார்கள். அந்த முகாமையும் கைதிகளையே கல் சுமக்க வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இறங்கும்போது அக்கா சைக்கிளில் ஏறவே இல்லை. "எனக்கு இந்த எறக்கத்துல ஓட்ட வேண்டாம்டி" என்றாள். பயத்தால் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. ஆற்றங்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம்.

இன்றைக்கு வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

நாள் 48: பொகோட்டா, கொலம்பியா

ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்கு நகரத்தின் பெரிய சாலைகளைக் காருக்கு அடைத்துவிடுகிறார்கள், மதியம் 2 மணி வரை அவை மக்களுக்கு. 1974இல் தொடங்கியது, இப்போது 120 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஞாயிறு தவறாமல், விடுமுறை நாட்களிலும் நடக்கிறது.

ஏழாம் அவென்யூவில் நடுக்கோட்டின் மேலேயே ஓட்டினேன். சனிக்கிழமை இதே சாலையைக் கடக்க ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறோம். இப்போது நாய்க்குட்டியைக் கூடையில் வைத்தவர், சக்கர நாற்காலியைக் கையால் உருட்டுகிறவர், சின்னச் சக்கரங்கள் மாட்டிய சைக்கிளில் மகளைத் தள்ளுகிற அப்பா, எல்லாரும் ஒரே வேகத்தில் போகிறார்கள். சாலையோரத்தில் மெக்கானிக்குகள் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் செயின் கரகரவென்று சத்தம் போட்டதைக் கேட்டு ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார், எண்ணெய் விட்டு, பெடலைச் சுழற்றி, காதை வைத்துக் கேட்டு, போகலாம் என்று தலையாட்டினார். காசு கொடுத்ததும் ஒரு கந்தல் துணியை நீட்டினார், கை துடைத்துக்கொள்ள.

நகரம் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சின்ன மேட்டுக்கும் மூச்சு வாங்குகிறது. அக்காவுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த சவாரி இதுதான். "இங்க யாரும் முந்தணும்னு நெனைக்கல பாரு" என்றாள். இதற்குப் புதிதாக ஒரு மீட்டர் பாதைகூடப் போடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இருக்கிற சாலையை ஏழு மணி நேரம் வேறு ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாள் 66: லா கும்ப்ரே முதல் யோலோசா வரை, பொலிவியா

இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

லா பாஸுக்கு வெளியே லா கும்ப்ரே கணவாயில், ஏறக்குறைய 4,700 மீட்டரில் தொடக்கம். முடிவு 1,200 மீட்டரில். 64 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம். வடக்கு யுங்காஸ் சாலை என்று பெயர்; மரணச் சாலை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 1930களில் பொலிவியாவும் பராகுவேயும் மோதிய சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே நாட்டுக் கைதிகளை வைத்து வெட்டிய சாலை. சில இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. 1983இல் ஒரு பேருந்து கவிழ்ந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். 2006இல் புதிய சாலை திறந்த பிறகு லாரிகளும் பேருந்துகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. இது சைக்கிள்காரர்களுக்கு என்று ஆகிவிட்டது. சைக்கிள்காரர்களும் இங்கே செத்திருக்கிறார்கள்.

பொலிவியாவில் எல்லா இடத்திலும் வலப்பக்கம்தான் போக வேண்டும். இந்தச் சாலையில் மட்டும் இடப்பக்கம். ஓட்டுநரின் இருக்கை இடப்புறம் இருப்பதால், தன் வெளிச்சக்கரம் பள்ளத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அவர் தலையை நீட்டிப் பார்க்கலாம். ஏறி வருகிற வண்டிக்கு உள்பக்கம், இறங்குகிற வண்டிக்கு விளிம்பு. நாங்கள் இறங்குகிறவர்கள்.

கூட வந்த வழிகாட்டி கிளம்பும்முன் பிரேக்கைப் பற்றி மட்டுமே பத்து நிமிஷம் பேசினார். முன் பிரேக் இடக்கையில், பின் பிரேக் வலக்கையில். ஒரே ஒரு விரலால் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே இறங்கக் கூடாது, வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவில் விட்டுவிட வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தையே பார்க்க வேண்டும்.

முதல் 20 கிலோமீட்டர் தார்ச்சாலை. குளிரில் விரல் மரத்துப்போனது தவிரச் சிரமமில்லை. அதன் பிறகு மண்ணும் உருள்கல்லும் ஆரம்பித்தன. மேகம் சாலைக்குக் கீழே இருந்தது. திருப்பங்களில் சிலுவைகள், சிலவற்றில் புதுப் பூக்கள். அருவி ஒன்று பாறையிலிருந்து நேராகச் சாலைமேலேயே விழுகிறது, அதற்குள் புகுந்துதான் போக வேண்டும்.

அக்கா பிரேக்கை விடவே இல்லை. இரண்டு கையும் முழுதாக மடங்கி, முழங்கை விறைத்து, கல்லில் ஏறும் ஒவ்வொரு அதிர்வும் தோள்வரை ஏறிக்கொண்டிருந்தது. அருவிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள். கையை லீவரிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாக மறுகையால் பிரித்துவிட வேண்டியிருந்தது. சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கிலிருந்து கருகிய வாடை வந்தது. "எனக்கு இது போதும்டி. நான் வேன்ல வர்றேன்" என்றாள்.

நான் சொன்னது: "இன்னும் கொஞ்ச தூரம்தான் அக்கா, விட்டா அப்புறம் வருத்தப்படுவ." அவள் ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பின்னால் வந்த வேனில் அவள் ஏறினாளா என்றுகூடப் பார்க்காமல் நான் கிளம்பிவிட்டேன். நன்றாக ஓட்டினேன். வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவில் விட்டு, ஒரு விரலால். கீழே வரவரக் காற்று சூடாகி, கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரைக் கழற்றி, கடைசியில் வாழைமரமும் பட்டாம்பூச்சியுமாக இருக்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரே காலையில் பனியிலிருந்து வேர்வைக்கு.

வேன் வந்து நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா இறங்கி வந்து என் சைக்கிளின் பின் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். "உன்னோடது சூடே இல்ல" என்றாள். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாள் 158: ஓடாகோ, நியூசிலாந்து

பொலிவியாவுக்குப் பிறகு மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று கிளைடு ஊரில் ஒரு வாடகைக் கடை வாசலில் அக்காவே நின்றாள். "இது ரயில் போன பாதையாம். ரயில் ஏறுற ஏத்தம்னா நானும் ஏறுவேன்" என்றாள்.

கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். 1990இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்துவிட்டு 2000இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்தார்கள். 50 மீட்டர் போனால் ஒரு மீட்டருக்கு மேல் ஏறாது, ஏனென்றால் ரயிலால் அதற்கு மேல் ஏற முடியாது. ஏறுகிறோம் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால்தான் பள்ளத்தாக்கு கீழே போயிருக்கிறது.

இன்றைக்குப் பூல்பர்ன் பள்ளத்தாக்கைக் கடந்தோம். 37 மீட்டர் உயரத்துப் பாலம், பிறகு இரண்டு குகைகள். குகைக்குள் விளக்கில்லை, நடுவில் வளைவதால் மறுமுனையும் தெரிவதில்லை. இறங்கி, டார்ச்சை அடித்துக்கொண்டு தள்ளினோம். இருட்டில் அக்கா முன்னால் நடந்தாள். பொலிவியாவில் நான் அப்படிப் போயிருக்கக் கூடாது என்று அங்கேதான் சொன்னேன். சுவரில் தண்ணீர் சொட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "நீ நல்லாத்தானே ஓட்டின. அத நான் வேன்லேருந்து பாத்துக்கிட்டேதான வந்தேன்" என்றாள்.

வெளியே வந்ததும் எதிர்காற்று. ரயிலுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

நாள் 171: ஒனோமிச்சி முதல் இக்குச்சி தீவு வரை, ஜப்பான்

ஷிமானாமி கைடோ. இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவில் ஆறு சின்னத் தீவுகளைப் பாலங்களால் கோத்த சாலை, முழுதாக இணைந்தது 1999இல். சைக்கிளுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதல் கால்வாயை மட்டும் படகில் கடந்துவிடச் சொன்னார்கள், ஐந்து நிமிஷம்தான்.

வண்டிகள் இடப்பக்கம். முன் பிரேக் இங்கே வலக்கையில். பொலிவியாவில் பழகிய இடக்கையை நாள் முழுக்க அடக்கி வைக்க வேண்டியிருந்தது.

சாலை ஓரத்தில் ஒரு நீலக்கோடு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். நெதர்லாந்தில் எண்களைப் படித்தோம். இங்கே படிக்கவும் வேண்டாம். கோடு மீன்பிடித் துறையை ஒட்டிப் போகிறது, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை ஒட்டிப் போகிறது, ஒரு பள்ளிக்கூட வாசலிலும் போகிறது.

பாலம் வருகிறது என்பது ரொம்ப முன்னாலேயே தெரிந்துவிடும். கப்பல் போவதற்காகப் பாலங்கள் எங்கேயோ உயரத்தில் தொங்குகின்றன, நாமோ கடல்மட்டத்தில். முதல் பாலத்தை அண்ணாந்து பார்த்து அக்கா ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் நீலக்கோடு நேராக மலைமேல் ஏறாமல் பக்கவாட்டில் விலகி, ஒரு தோட்டத்துக்குள் புகுந்து, கார்கள் வராத தனிச் சாய்தளமாக வளைந்து வளைந்து ஏறியது. சாய்வு மூன்று சதவீதம் அளவுதான், அதனால் ஒரு கிலோமீட்டர் நீளம். நின்று மிதிக்கத் தேவையில்லை, பேசிக்கொண்டே ஏறலாம்.

அதன் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினேன். குதிரை ஏறாது என்பதால் டான்யூப் பாதை சமம். ரயில் ஏறாது என்பதால் ஓடாகோ பாதை மெதுவான ஏற்றம். யுங்காஸில் கைதிகளின் உயிரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இந்தச் சாய்வை மட்டும் சைக்கிள் மிதிக்கிற ஒரு காலை மனசில் வைத்துப் போட்டிருக்கிறார்கள். அக்காவின் காலுக்கு எது தாங்கும் என்று முன்னமே யாரோ காகிதத்தில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னோஷிமா பாலத்தில் நம் பாதை கார்த்தளத்துக்கு அடியில், இரும்புச் சட்டங்களுக்கு நடுவே போகிறது. தலைக்கு மேலே லாரி போனால் தடதடவென்று கேட்கும், காலுக்குக் கீழே கடல்.

நாள் 172: இக்குச்சி தீவு முதல் இமாபாரி வரை

தத்தாரா பாலத்தின் கோபுரத்துக்கு அடியில் நின்று கைதட்டினால் சத்தம் இரண்டு தூண்களுக்கும் இடையில் மோதி மோதி மேலே ஏறிப் போகிறது. "அழும் டிராகன்" என்கிறார்கள். அக்கா தட்டினாள், காது கொடுத்துக் கேட்டாள், மறுபடி தட்டினாள். பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களும் முகம் சுளிக்கவில்லை.

ஓஷிமா தீவில் கோடு இரக்கம் காட்டவில்லை. அது பாலத்துச் சாய்தளம் இல்லை, ஊரின் பழைய மலைச்சாலை. நான் முந்திக்கொண்டு போய் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா இறங்கவில்லை. கியரைக் கடைசிக்குத் தட்டிவிட்டு, நடக்கிற வேகத்தில், முகம் சிவக்க, கோட்டின் மேலேயே வந்தாள். பக்கத்தில் வந்ததும் நிற்கவும் இல்லை, அப்படியே இறங்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன். வளைவு வருவதற்கு முன்னால் அவள் பிரேக் பிடித்தாள். வளைவுக்குள் விட்டாள். அடுத்ததிலும் அப்படியே. பின்சக்கரத்திலிருந்து விட்டு விட்டு வந்த அந்த 'கிர்ர்' சத்தத்தை ஒவ்வொரு வளைவிலும் எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

கடைசியில் குருஷிமா நீரிணைப் பாலம், மூன்று தொங்குபாலங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, நாலு கிலோமீட்டர். கீழே கடல் ஆறு போல ஓடுகிறது, சுழி போட்டுப் போட்டு ஓடுகிறது. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு சரக்குக் கப்பல் அந்த ஓட்டத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே நிற்பது போல ஊர்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் கால் மணி நேரம் நின்றோம். நான் படம் எடுக்கவில்லை.

நாள் 190: அங்கோர் தோம், கம்போடியா

கடைசிச் சவாரி. முன்னால் கூடை வைத்த, கியர் இல்லாத சைக்கிள். முன் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது; மாற்றிக் கேட்டு வாங்கினோம். இந்த ஆறு மாதத்தில் அந்த அளவுக்குத் தேறியிருக்கிறோம்.

விடியும் முன்னாலேயே கிளம்பி, கெமர் அரசர்களின் பழைய தலைநகரான அங்கோர் தோமின் தெற்கு வாசலுக்குப் போனோம். அகழிப் பாலத்தின் ஒரு பக்கம் 54 தேவர்கள், மறுபக்கம் 54 அசுரர்கள், இரண்டு வரிசையும் பாம்பைப் பிடித்து இழுக்கிறார்கள். பாற்கடல் கடைகிற கதை, கல்லில், ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவராக. அதற்கு நடுவில் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். சிலருக்கு முகம் உதிர்ந்துவிட்டது, ஆனால் பிடித்த கை விடவில்லை.

எல்லாரும் வாசலுக்குள் நேராகப் போகிறார்கள். நாங்கள் வாசலை ஒட்டிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறினோம். கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் நகரத்தைச் சுற்றி எழுப்பிய செம்புறைக்கல் மதில், எட்டு மீட்டர் உயரம், பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர். உள்பக்கம் மண்கொட்டி அணைத்திருப்பதால் மேலே ஒற்றையடிப் பாதை ஒன்று ஓடுகிறது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கீழே அகழித் தண்ணீர். காவலுக்குப் போட்ட மதில். சைக்கிளை யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாது. ஆனாலும் மண் இறுகி, இலைச்சருகு மூடி, டயருக்கு மெத்தை போல இருக்கிறது. வேர்கள் குறுக்கே வந்த இடத்தில் மட்டும் இறங்கித் தூக்கினோம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னக் கோயில். தென்மேற்கு மூலைக் கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். சைக்கிள்கள் ஸ்டாண்டில் நின்று சூடு ஆறிக்கொண்டிருந்தன.

மேற்கு வாசலில் இறங்கும் சரிவு செங்குத்து. நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். அக்கா மேலே நின்று அதைப் பார்த்தாள், இரண்டு லீவரையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். "நானும் தள்ளிட்டே வர்றேன்" என்றாள். சரி என்றேன். பாதி வரை வந்து அவளுக்காக நின்றேன், முன்சக்கரத்தைப் பிடித்துக்கொடுக்க.

கீழே சாலையில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். ஒரு பெண் குழந்தை சீட்டு எட்டாமல் பெடல் மேல் நின்றுகொண்டே மிதித்துப் போனது, கேரியரில் அதைவிடச் சின்னதாக ஒரு தங்கை, அக்காவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி. எங்களைக் கடக்கும்போது மணியை அடித்தது. அக்காவும் பதிலுக்கு அடித்தாள்.

இருட்டும் முன்னால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரம்மா டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு மற்ற சைக்கிள்களோடு சாய்த்து வைத்தார்.